மூன்றாம் வாரப் படத்தை வைத்துப் பயப்பட வேண்டாம்

"தாடை ஆபரேஷன் முடிந்து 3-வது வாரம் எடுத்த 3டி முகப் படத்தில் ஒரு கன்னம் பெரிதாகத் தெரிந்தால் எலும்பு நகர்ந்துவிட்டது, மாதாமாதம் சிடி எடுத்துப் பாருங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அந்தப் படம் பல கேமராக்கள் ஒரே நேரத்தில் எடுப்பது. கதிர்வீச்சு கிடையாது, ஆனால் தோலுக்கு அடியில் இருக்கும் எலும்பு அதில் தெரியாது. 3-வது வாரத்தில் அது அளப்பது பெரும்பாலும் வீக்கத்தைத்தான். மிச்சம் மீதி வற்ற 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். படமெடுக்கும்போது லேசாகச் சிரித்துவிட்டாலே, இரண்டு படங்களின் வித்தியாசத்தை நிறத்தில் காட்டும் வண்ண வரைபடத்தில் கன்னம் வேறு நிறத்துக்கு மாறிவிடும்!

எலும்பு நகர்ந்ததா என்று பார்க்க சிபிசிடி (பல், தாடைப் பகுதிக்கு எடுக்கும் ஒருவகை 3டி எக்ஸ்ரே ஸ்கேன்) வேண்டும். வெவ்வேறு தேதியில் எடுத்த இரண்டையும், கத்தி படாத மண்டையோட்டு அடித்தளத்தை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, தாடை எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அளப்பார்கள். இதில் கதிர்வீச்சு உண்டு. சாதாரண சிடியைவிடப் பொதுவாகக் குறைவு, அவ்வளவுதான். காரணமில்லாமல் மாதாமாதம் எடுப்பதற்கில்லை.

கடிக்கும்போது நேற்றுவரை ஒன்றோடொன்று சேர்ந்த மேல், கீழ்ப் பற்கள் இன்று சேரவில்லை என்றால் மட்டும், அடுத்த படத்துக்குக் காத்திருக்காமல் உடனே சர்ஜனைப் பாருங்கள்.