யாரும் வரவில்லை என்பதால் யாருக்கும் தேவையில்லை என்றாகிவிடுமா?

ஒரு கல்லூரி, வறுமையில் தவிக்கும் மாணவர்களுக்காக நடத்திவந்த தன் மாணவர் உதவி மையத்தை மூடிவிட்ட செய்தியையும், அதற்குச் சொன்ன காரணத்தையும் இந்நேரம் எல்லோரும் படித்திருப்பீர்கள். நிதி இல்லை, ஆள் இல்லை என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டுவிட்டுக் கடந்து போயிருப்பேன். மாணவர்கள் போதிய அளவில் வரவில்லை, ஆகவே தேவை இல்லை என்று முடிவு கட்டியதையும், அந்த அறிவிப்பின் கீழே ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை’ என்று படித்த பெரியவர்களே எழுதியிருந்ததையும்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

யாரும் வரவில்லை என்பது வேறு, யாருக்கும் தேவையில்லை என்பது வேறு. வகுப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் மையம், எல்லோரும் கடந்து போகும் வாசலுக்கு எதிரே இருக்கும் மையம், துறைத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு வேளை உணவுச் சீட்டுகூடத் தராத மையம், ‘உங்கள் வறுமையை விளக்குக’ என்று அரைப் பக்க இடம் விட்டிருக்கும் விண்ணப்பம். இவை அனைத்தையும் தாண்டி வந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பசித்தவர்கள் இவ்வளவுதான் என்று சொல்வது எந்த வகைக் கணக்கு?

இது என் ஊகம் மட்டும் அல்ல. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016ஆம் ஆண்டில் அரசின் உணவு உதவிக்குத் தகுதி பெறக்கூடிய நிலையில் இருந்த, உணவுப் பற்றாக்குறைக்கு ஆளாகக்கூடிய மாணவர்களில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அந்த உதவியைப் பெற்றதாகத் தெரிவிக்கவில்லை. அவர்களுக்குப் பசி இல்லாமல் போய்விடவில்லை. யார் தகுதியானவர் என்ற விதிகள் மாணவர்களுக்கு மட்டுமல்லாமல், சில கல்லூரி அலுவலர்களுக்குமே சரிவரப் புரிந்திருக்கவில்லை என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆய்வாளர்கள் சிலர் அதே நாட்டில் செய்து 2012இல் வெளியிட்ட இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. கல்வி நிதியுதவி விண்ணப்பத்தை உதவியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த குடும்பங்களில், கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் படித்து முடித்த பிள்ளைகளின் பங்கு 28 விழுக்காட்டிலிருந்து 36 ஆக உயர்ந்தது. என்னென்ன உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் பெற்ற குடும்பங்களில் அந்த முன்னேற்றம் ஏற்படவில்லை. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு முடிவையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

நான் கல்லூரியில் படித்தபோது அப்பாவுக்கு வேலை போனது. விடுதிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பத்துடன் அலுவலகச் சன்னலில் நின்றேன். உள்ளே இருந்தவர், குடும்ப வருமானம் என்ற இடத்தில் நான் எழுதியிருந்த தொகையை, பின்னால் வரிசையில் நின்ற என் வகுப்பு மாணவர்கள் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, ‘இதை வைத்துக்கொண்டு எப்படிம்மா குடும்பம் நடத்துகிறீர்கள்?’ என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தவள் படிப்பு முடியும்வரை அந்தச் சன்னல் பக்கம் போகவே இல்லை. வயிறு சரியில்லை என்று தோழிகளிடம் சொல்லி இரவு உணவைத் தவிர்த்திருக்கிறேன். அந்த ஆண்டின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், எனக்கும் உதவி தேவைப்படவில்லை என்றுதான் இருக்கும்.

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். எளிதாகக் கொடுத்தால் தகுதியில்லாதவர்களும் வாங்கிக்கொள்வார்கள் என்பார்கள். சிலர் வாங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிலரைத் தடுப்பதற்காக எழுப்பிய சுவர் முதலில் யாரைத் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். கூச்சம் உள்ளவர் திரும்பிவிடுகிறார், பகுதிநேர வேலைக்குப் போவதால் அந்த நேரத்தில் வர முடியாதவர் திரும்பிவிடுகிறார், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்ததால் யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாதவர் திரும்பிவிடுகிறார். ஏமாற்ற நினைப்பவருக்குக் கூச்சமும் இல்லை, கையெழுத்து வாங்குவதும் சிரமம் இல்லை. விண்ணப்பமே இல்லாமல் உதவ முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011 முதல், சிறிய கட்டண பாக்கிக்காகப் படிப்பை இழக்கும் நிலையில் இருக்கும் மாணவர்களைத் தன் பதிவேடுகளைக் கொண்டே கண்டறிந்து, அவர்கள் கேட்காமலே அவர்களுடைய கணக்கில் அந்தத் தொகையை வரவு வைக்கிறது. பாக்கி எவ்வளவு என்று நம் கல்லூரிகளுக்கும் தெரியும். அபராதம் விதிக்கும்போது ஒரு நாள்கூடத் தவறாமல் நினைவுக்கு வரும் அந்தக் கணக்கு, உதவும்போது மட்டும் ஏன் மாணவரே வந்து நிரூபிக்க வேண்டியதாகிவிடுகிறது?

கையில் கைபேசி வைத்திருப்பவருக்கு என்ன வறுமை என்று கேட்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாடக் குறிப்பும், தேர்வு அறிவிப்பும், உதவித்தொகை விண்ணப்பமும் அதில்தான் வருகின்றன.

நாங்களும் பட்டினி கிடந்துதான் படித்தோம், முன்னேறவில்லையா என்று எழுதியவர்களின் சொற்கள்தான் என்னை அதிகம் காயப்படுத்தின. நீங்கள் தேறி வந்ததை நான் மதிக்கிறேன். உங்களுடன் படித்து, பாதியில் நின்று, இன்று அந்த அறிவிப்பின் கீழ் எழுத வாய்ப்பே இல்லாமல் போனவர்களின் பெயர்களை ஒரு முறை நினைத்துப் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன். தான் பட்ட துன்பத்தை அடுத்தவரும் பட வேண்டும் என்று கேட்பது எப்படி வைராக்கியமாகும்? என் மகள் எந்தச் சன்னலிலும் தன் வீட்டு வருமானத்தை அடுத்தவர் காதில் விழச் சொல்லும் நிலை வரக்கூடாது. உங்கள் மகளுக்கும் வரக்கூடாது.

அந்தக் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் சிலர் இதைப் படிக்கக்கூடும். மூடிய முடிவில் உறுதியாக நிற்பதற்கு முன், பெயர் எழுதத் தேவையில்லாத ஒரு கேள்வித்தாளை எல்லா மாணவர்களுக்கும் கொடுத்து, கடந்த மாதத்தில் பணம் இல்லாததால் உணவைத் தவிர்த்தீர்களா, தங்குமிடம் பற்றிய கவலை இருந்ததா, உதவி மையம் இருப்பது தெரியுமா, தெரிந்தும் வராமல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாமல் சென்ற பருவத்தில் நின்றுபோனவர்களின் பட்டியல் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கிறது; அவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசுங்கள். அந்தப் பதில்களை வெளியிட்டுவிட்டு, அதன் பிறகு தேவை இல்லை என்று சொல்லுங்கள்.