டிக்கெட் எவ்வளவு என்று கேட்டேன், சிரித்தார்கள்

அந்த வீடியோவை இதுவரை ஒன்பது பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, இது நீங்கள்தானே?" என்று கேட்டு, பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் பொம்மை. ஆமாம், நான்தான். அதிவேக ரயில் பற்றிய கூட்டம், நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் மைக். நான் கேட்டது சில நொடி. மண்டபம் சிரித்தது அதைவிட அதிக நேரம்.

கேட்டது இவ்வளவுதான்: "கோலாலம்பூர் சிங்கப்பூர் அதிவேக ரயிலில் டிக்கெட் எவ்வளவு ஐயா? கட்டுகிற கடனை யார் அடைப்பது?" அதுவரை அரை மணி நேரம் திரையில் வெள்ளை ரயில் ஓட்டிக் காட்டிய பெரியவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, இது தோட்டத்து லாரி இல்லை, ஏறும்போது பேரம் பேச. இந்தத் தோட்டத்துப் புத்தியை விட்டு நம்மாட்கள் எப்போதுதான் வெளியே வரப்போகிறார்களோ!" உடனே மண்டபம் முழுக்கக் கைத்தட்டல். பதில் மட்டும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சரி. தோட்டத்துப் புத்தியோடேயே கணக்குப் போடுவோம். என் அம்மா ஜோகூரில் லாபிஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கடைக்காரர் பற்றுப் புத்தகத்தைத் திறப்பதற்குள் விரல் விட்டுக் கூட்டி முடித்திருப்பார். அந்தப் புத்தியில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அரசாங்கத் திட்டமாக இந்த ரயில் பேச்சு 2010-இல் ஆரம்பித்தது. 2016 டிசம்பரில் புத்ராஜெயாவில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்துப் போட்டன. 350 கிலோமீட்டர், எட்டு ஸ்டேஷன், தொண்ணூறு நிமிடப் பயணம். 2026-இல் ஓடியிருக்க வேண்டும். 2018-இல் ஆட்சி மாறியதும் புதிய பிரதமர் மகாதீர் சொன்ன செலவு 110 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). அவ்வளவு ஆகாது என்று மறுத்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய வேலை எதுவும் சொன்ன விலையில் முடிந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு அடுப்படி இழுத்துக் கட்டினேன், அதுவே இரட்டிப்பு.

110 பில்லியனை நாட்டின் மூன்று கோடியே நாற்பது லட்சம் பேருக்குப் பிரித்தால் தலைக்கு மூவாயிரத்து இருநூறு வெள்ளிக்கு மேல். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி இருக்கிற நாட்டில் இது கிட்டத்தட்ட இரண்டு மாதச் சம்பளம். இதைத்தான் கேட்டேன். டிக்கெட் எவ்வளவு, கடன் யாருக்கு?

ரயில் வராமலேயே எவ்வளவு கொடுத்தோம் தெரியுமா? திட்டத்தைத் தள்ளிப்போட்டதற்குச் சிங்கப்பூருக்கு ஒன்றரைக் கோடி சிங்கப்பூர் வெள்ளி. 2021 ஜனவரி முதல் தேதி திட்டம் செத்ததும், நஷ்ட ஈடாக 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி, அன்றைய நம் காசில் 32 கோடி வெள்ளி அளவில். ஒரு தண்டவாளம் போடவில்லை, ஒரு டிக்கெட் கிழிக்கவில்லை. சிங்கப்பூரைக் குறை சொல்ல மாட்டேன். ஜூரோங்கில் கோல்ஃப் மைதானத்தையே எடுத்து நிலத்தைத் தயாராக வைத்திருந்தார்கள். ரயில் பெட்டி, சிக்னல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள இரண்டு நாட்டுக்கும் பொதுவாக ஒரு கம்பெனி என்று ஒப்புக்கொண்டு, பிறகு அது வேண்டாம் என்று நின்றது நம் பக்கம்தான். இரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு சுவர் வைத்தாலே சண்டை வரும். இது எல்லை தாண்டுகிற ரயில். அங்கே தேர்தல் வந்தாலும் நின்றுவிடும், இங்கே வந்தாலும் நின்றுவிடும்.

"இப்போது தனியார்தான் கட்டப்போகிறார்கள், அரசாங்கம் ஒரு காசு போடாது, உனக்கென்ன வலி?" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள், வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் நாலு பேர். செத்த திட்டத்தை எழுப்ப 2023-இல் தனியாருக்கு அழைப்பு விட்டார்கள், 2024 ஜனவரியில் ஏழு கூட்டணிகள் திட்டம் கொடுத்தன, அரசாங்க உத்தரவாதம் கிடையாது என்றார்கள். நல்லது. தைவானிலும் தனியார்தான் கட்டினார்கள். நீளமும் கிட்டத்தட்ட இதே 350 கிலோமீட்டர். 2007-இல் ஓடத் தொடங்கிய ரயில் கடனில் மூழ்கப் போய், 2015-இல் அரசாங்கம் இறங்கித்தான் தூக்கிவிட்டது. இன்றைக்கு அது நன்றாக ஓடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரே நாடு, பாஸ்போர்ட் தொல்லை இல்லை. இந்தோனேசியாவிலும் அரசுப் பணம் தொட மாட்டோம் என்று தொடங்கியதுதான் ஜகார்த்தா பண்டுங் ரயில். வெறும் 142 கிலோமீட்டர். செலவு சொன்னதைவிட நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் எகிறியதும், 2021-இல் விதியை மாற்றி அரசுப் பணத்தைத் தொட்டார்கள். தனியார் கட்டுவார், லாபம் வந்தால் அவருக்கு, நட்டம் வந்தால் நமக்கு. இதைச் சொன்னால் தோட்டத்துப் புத்தி!

"விமானத்தில் அவ்வளவு பேர் போகிறார்களே" என்பது இன்னொரு கேள்வி. உண்மைதான், உலகத்திலேயே நெரிசலான சர்வதேச விமானத் தடங்களில் இதுவும் ஒன்று. அவர்கள் போகட்டும். அவர்களுக்காக நான் கடன் கட்டணுமா என்பதுதான் கேள்வி.

"வடக்கு தெற்கு நெடுஞ்சாலையையும் இப்படித்தான் எதிர்த்தார்கள்" என்று ஒரு தம்பி. தம்பி, அந்தச் சாலையில் லாரி போகிறது, பஸ் போகிறது, என் மோட்டார் சைக்கிள் போகிறது. மோட்டாருக்கு டோல்கூடக் கிடையாது. உங்கள் ரயிலில் என் மோட்டாரை ஏற்றுவார்களா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தம்பியே கமெண்ட்டில் வந்து போட்டுக்கொடுப்பான். இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளிக்குக் கோலாலம்பூரில் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். யோங் பெங் தாண்டியதும் இஞ்சினில் புகை. மாற்றுப் பஸ் வர மூன்றரை மணி நேரம். சாலை ஓரத்தில் நின்று முறுக்கு டின்னைத் திறந்து முக்கால்வாசியைத் தின்று தீர்த்தோம். முன் சீட்டில் இருந்த சீனக் கிழவிக்கும் கொடுத்தோம். அன்றைக்கு யாராவது வந்து அதிவேக ரயில் வேண்டுமா என்று கேட்டிருந்தால் இரண்டு கையும் தூக்கியிருப்பேன். அதனால் ரயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த ரயில், என்ன விலைக்கு என்று கேட்கிறேன்.

ரயில் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? என் அப்பா ரயில்வேக்காரர். குளுவாங்கில் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். அப்பா அதை ரயில் பாதை என்று சொல்லி நான் கேட்டதில்லை, கம்பிச் சடக்கு என்றுதான் சொல்வார். விடியற்காலையில் மண்டோர் (மேஸ்திரி) விசில் ஊதினால் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். 2011 ஜூன் 30, சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் ஸ்டேஷனை மூடிய ராத்திரி, கூட்டிப் போகச் சொல்லி அடம்பிடித்தார். கடைசி ரயிலை ஜோகூர் சுல்தானே ஓட்டினார். கூட்டம் முழுக்கக் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தது. அப்பா ரயிலைப் பார்க்கவே இல்லை. பிளாட்பாரம் ஓரம் குனிந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரெண்டு சிலீப்பர் கட்டையை எப்பவோ மாத்தியிருக்கணும்" என்றார். வீடு வந்து சேரும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பழைய பாதை போகிற ஊர்களைப் பாருங்கள். கிம்மாஸ், சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய். நம்மாட்கள் இருக்கிற ஊர்கள். அதிவேக ரயில் வரைபடத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அது மூவார், பத்து பஹாட் என்று கடலோரமாகப் போகிறது. ஜோகூரில் கடைசி ஸ்டேஷன்கூட ஜோகூர் பாரு நகரத்தில் இல்லை, இஸ்கண்டார் புத்ரியில். மாசாயில் இருக்கிற நான் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஏற வேண்டும். ஆனால் 2025 டிசம்பரில் ஈடிஎஸ் மின்சார ரயில் ஜோகூர் பாரு வரை வந்ததே, அது குளுவாங்கில் நிற்கிறது. கிம்மாஸிலிருந்து இங்கே வரை 192 கிலோமீட்டர், ஒன்பதரை பில்லியன் வெள்ளி. மணிக்கு 140 கிலோமீட்டர்தான், கோலாலம்பூருக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே! இறங்கி ஒரு காப்பி குடிக்கலாம். அந்த 110 பில்லியனுக்கு இந்த மாதிரி பதினோரு பாதை போடலாம்.

சிங்கப்பூரில் வேலைக்குப் போக நான் தாண்டுகிற காஸ்வே பாலத்தின் கதையைச் சொன்னால் இன்றைக்குத் தூங்க முடியாது. பதினேழு வருடமாக விடியற்காலை நாலே முக்காலுக்கு மோட்டார் வரிசையில் நிற்கிறேன். மழை பெய்தால் முன்னால் நிற்பவனின் புகையும் என் மழைக்கோட்டுத் தண்ணீரும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பனியனுக்குள் வைத்திருப்பேன். வேலை ஏழு மணிக்கு. காஸ்வே நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான்! ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். ஆர்டிஎஸ் ரயில் வருகிறது, ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் வுட்லண்ட்ஸ் நார்த், நாலு கிலோமீட்டர், ஐந்து நிமிடம், ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் பத்தாயிரம் பேரை ஏற்றுமாம். அதற்கு நான் எழுந்து நின்று கைதட்டுவேன். அதுவும் எல்லை தாண்டுகிற ரயில்தான். இந்த நாலு கிலோமீட்டரைச் சரி பண்ண இத்தனை வருடம் ஆன நமக்கு, 350 கிலோமீட்டரைத் தொண்ணூறு நிமிடத்தில் பறக்க என்ன அவசரம்?

"உனக்குப் பொறாமை" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். பரவாயில்லை, எழுதுங்கள். ஆனால் தோட்டம் என்று சொல்லிச் சிரித்தீர்களே, அதுதான் போகவில்லை. மேடையில் இருந்தவர் கோட்டு போட்டிருந்தார், சரி. கைதட்டினவர்களில் முக்கால்வாசிப் பேரின் தாத்தா பாட்டி ரப்பர் பால்வாளி தூக்கினவர்கள். எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கெல்லாம் நான் போயிருக்கிறேன். நாலு பேர் என் கூடப் படித்தவர்கள். அதில் ஒருத்தன் மறுநாள் காலை மோட்டார் வரிசையில் எனக்கு இரண்டு பேர் தள்ளி நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

அப்பா அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. கண் சரியாகத் தெரியாது என்பதால் தப்பித்தேன். "ரயிலைப் பத்தி ஏதோ கேட்டியாமே?" என்றார். ஆமாம் என்றேன். "என்ன சொன்னாங்க?" என்றார். இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கமெண்ட்டில் தோட்டம், லாரி என்று ஆரம்பிக்கிறவர்களுக்குப் பதில் கிடையாது, நேரே பிளாக். டிக்கெட் விலை தெரிந்தவர்கள் மட்டும் எழுதுங்கள். போக ஒரு விலை, வர ஒரு விலை, இரண்டையும் எழுதுங்கள்.