விபத்துக்கு நடுவில் ஒரு நகைக்கடை

வீட்டு டிவியில் இணையம் வழியாகப் படம் காட்டுகிற ஆப்காரர்களே, சந்தா கட்டினால் விளம்பரம் கிடையாது என்று சொல்லித்தானே விற்றீர்கள்? கட்டினோமே! வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமாக அல்லவா கட்டினோம்! அப்புறம் திடீரென்று ஒரு நாள் மின்னஞ்சல் வருகிறது: உங்கள் அனுபவத்தை மேலும் சிறப்பாக்க, இனி குறைந்த அளவில் விளம்பரங்கள் இடம்பெறும். விளம்பரமே வரமாட்டேன் என்கிறதே என்று எவன் உங்களிடம் அழுதான்? அது வேண்டாம் என்றால் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் கட்டலாமாம். கட்டினால் அதற்கும் மேலே ஒரு படி வைத்திருப்பீர்கள், தெரியாதா என்ன.

மற்ற படமாக இருந்திருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். நேற்று ராத்திரி நான் போட்டது 'டல்லடேகா நைட்ஸ்'. 2006-இல் வந்த படம். வில் ஃபெரல், ஜான் சி. ரெய்லி, இயக்கம் ஆடம் மெக்கே. அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்தை வைத்துச் செய்த காமெடி. பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் படம் பாதிக்குப் பாதி கிண்டலடிப்பதே விளம்பரத்தைத்தான். நாயகன் ரிக்கி பாபியின் காரில் ரொட்டிக் கம்பெனிப் பெயர், சட்டையில் அதே ரொட்டி. இது ஒன்றும் மிகையில்லை. நிஜ நாஸ்காரிலும் கார் என்பது நாலு சக்கரத்தில் ஓடும் சுவர் விளம்பரம்தான். ஜெயித்தவர் காரை விட்டு இறங்கியதும் கம்பெனிகளின் பெயரை ஒப்பித்த பிறகுதான் மூச்சே விடுவார்.

படத்தில் அதை இன்னும் ஒரு இழு இழுத்திருக்கிறார்கள். ஒரு பந்தயத்தில் ரிக்கியின் முன்கண்ணாடியிலேயே பெரிதாக ஃபிக் நியூட்டன்ஸ் பிஸ்கட் ஸ்டிக்கர். ரோடே தெரியாது. இது ஆபத்து, தொந்தரவு, ஆனாலும் எனக்கு இந்த பிஸ்கட் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். சாப்பாட்டு மேஜை ஜெபம் அதற்கும் மேலே. குழந்தை இயேசுவை வேண்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் பவரேட் பானத்தைப் புகழ்வார். ஏனென்றால் ஒவ்வொரு ஜெபத்திலும் அதன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தமாம்!

அந்த ஜெபத்தில் வெட்டினார்கள். ரிக்கி கண்ணை மூடி, குடும்பமே தலை குனிந்து, அவர் வாயிலிருந்து அந்தப் பானத்தின் பெயர் வரப்போகிற நேரம். டப். மொட்டை மாடி ஒழுகுகிறதா? ஒழுகவில்லை ஐயா, போங்கள்.

சரி, இதை விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது கடைசிப் பந்தயம்.

இடம் அலபாமாவில் இருக்கும் டல்லடேகா. கற்பனை இல்லை, 1969-இல் திறந்த நிஜ ஓடுதளம். ஒரு சுற்று 4.28 கிலோமீட்டர், வளைவுகளில் தளம் 33 டிகிரி சாய்ந்து நிற்கும். கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாகப் பறப்பதால், ஒருவன் லேசாக உரசினால் போதும், பின்னால் வரும் கும்பலே சுருண்டுவிடும். அந்த மாதிரி விபத்துக்கு அங்கே 'பிக் ஒன்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். படத்திலும் கடைசியில் விபத்து வரும். கார் உருளும், உருளும், உருண்டுகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் என்றால், விபத்து முடியும் வழியைக் காணோம் என்று டிவிக்காரர்கள் ஒரு விளம்பர இடைவேளைக்கே போய்விடுவார்கள். ஆப்பிள்பீஸ் என்கிற உணவகத்தின் விளம்பரம். அதைப் போட்டு முடித்துத் திரும்பி வந்தால் கார் இன்னும் உருண்டுகொண்டிருக்கும். அதுதான் ஜோக். படத்திலேயே எனக்குப் பிடித்த ஜோக் அது. அதைக் காட்டத்தான் ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனனைத் தூங்கவிடாமல் உட்கார வைத்திருந்தேன்.

கார் உருள ஆரம்பித்தது. "இப்போ பாரு, இப்போ பாரு" என்றேன்.

நகைக்கடை வந்தது. மணப்பெண் ஒருத்தி மாடிப்படியில் இறங்குகிறாள், அப்பா கண் கலங்குகிறார், சேதாரத்தில் தள்ளுபடி. அப்புறம் சலவைத்தூள். அப்புறம் ஏதோ கடன் ஆப். அப்புறம், கேளுங்கள், மறுபடி அதே மணப்பெண். அதே படி, அதே அப்பா, அதே கண்ணீர். சத்தம் வேறு படத்தைவிட இரண்டு மடங்கு, உள்ளறையில் தூங்கின குழந்தை எழுந்துவிட்டது.

ஒருவழியாகப் படம் திரும்பியது. கார் நாலு குட்டிக்கரணம் போட்டது. உடனே படத்துக்குள் இருக்கும் அந்த உணவக விளம்பரம் வந்தது.

"ஐயோ, மறுபடியுமா! முடிஞ்சதும் கூப்பிடுங்க மாமா" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான்.

"டேய், இது விளம்பரம் இல்லடா, படம்!"

"படம்னா ஏன் மாமா ஹோட்டலைக் காட்டுறான்?"

அவன் கேட்டதில் என்ன தப்பு? கிளம்புகிறபோதே ரிமோட்டில் தள்ளிவிடும் பொத்தானை வேறு படபடவென்று அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ரிக்கியும் அவரோடு போட்டி போடும் பிரெஞ்சுக்கார ஓட்டுநரும் காரை விட்டு இறங்கி, ஓட்டமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஜோக் போச்சு. பின்னால் தள்ளினேன். கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிவிட்டது போல, கார் உருள ஆரம்பிக்கிற இடத்துக்கே போய்விட்டது. சரி, அங்கிருந்தே பார்க்கலாம் என்று விட்டேன்.

மணப்பெண் இறங்கினாள்.

ஆமாம். பின்னால் போய் அந்தப் புள்ளியைத் தாண்டினால் விளம்பரம் முழுசாக மறுபடி. ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பது அந்த மெஷினுக்குத் தெரியாதாம். நான் பாதியில் விட்ட தொடர் எது, எந்த நிமிஷத்தில் விட்டேன், எதைப் பார்த்துத் தூங்கிப்போனேன் என்பதெல்லாம் ஜாதகம் மாதிரி வைத்திருக்கும். அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் இதே நகையை இவன் முகத்தில் அறைந்தோம் என்பது மட்டும் மறந்துவிடும். அப்பா கண் கலங்கினார். இந்தத் தடவை எனக்கும் கலங்கியது.

தியேட்டரில் இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை கிடையாது. ஆபரேட்டர்தான் தன் இஷ்டத்துக்கு எங்காவது நிறுத்துவார். அவரை எவ்வளவு திட்டியிருக்கிறோம்! அவருக்காவது பாப்கார்ன் விற்க வேண்டும் என்ற நியாயமான காரணம் இருந்தது. நிறுத்தினாலும் ஒரு காட்சி முடிந்த பிறகு நிறுத்தும் மனுஷத்தன்மை இருந்தது. நிஜமான நாஸ்கார் ஒளிபரப்பில்கூட, விளம்பரம் ஓடும்போது பந்தயத்தை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் காட்டுவது உண்டு. உயிர் போகிற வேகத்தில் கார் ஓடுகிறது, அதை முழுசாக மறைக்கக்கூடாது என்ற அறிவு விளம்பரத்திலேயே வாழ்கிறவனுக்கு இருக்கிறது. எனக்குச் சின்னப் பெட்டியும் கிடையாது. மூலையில் '4-இல் 2' என்று ஒரு எண் மட்டும் ஓடுகிறது.

அந்தப் படத்தில் ரிக்கியின் அப்பா ரீஸ் பாபி ஒருவர் உண்டு. முதலாவதாக வராதவன் கடைசியாக வந்தவன்தான் என்று சின்ன வயதில் மகனிடம் சொல்லிவிட்டுக் காணாமல் போய்விடுவார். மகன் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு வாழ்ந்து, நாசமாகி, பல வருஷம் கழித்து அப்பாவிடம் வந்து கேட்பான். அவர் அசராமல், அன்றைக்கு நான் போதையில் இருந்தேன், இரண்டாவது வரலாம், மூன்றாவது வரலாம், அஞ்சாவதுகூட வரலாம் என்பார். விளம்பரமே இல்லாமல் பாருங்கள் என்று நம்மிடம் சந்தா விற்றார்களே, அவர்களும் அன்றைக்கு அதே நிலையில்தான் இருந்திருப்பார்கள். கேட்டால் அதையேதான் சொல்வார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல், அடியில் ஒரு சலுகை.

கடைசியில் பார்த்தோம். மைத்துனன் தட்டில் மிக்சரோடு வந்து உட்கார, கார் உருண்டது, உணவகம் வந்தது, திரும்பினால் கார் இன்னும் உருண்டது. அவன் சிரிக்கவே இல்லை. "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா அந்த நகைக்கடைல ஆடித் தள்ளுபடி முடிஞ்சிருக்குமே, இன்னுமா போடுறான்?" என்றான். அதற்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன், ஏன் சிரிக்கிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை.

அத்தோடு டிவியை அணைத்துவிட்டுப் படுத்தால், மேல் வீட்டில் நாற்காலியை இழுக்க ஆரம்பித்தார்கள். நான் கேட்கிறேன், நள்ளிரவில் அந்த வீட்டில் அப்படி என்னதான் நகர்த்துகிறார்கள்? தினமும் ஒரு ஆள் குடிவந்து ஒரு ஆள் காலி செய்கிறாரா? நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற ரப்பர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். வாங்கிக் கையிலேயே கொடுத்தேன். பத்திரமாக வைத்திருக்கிறார்களாம்!