எக்கோவைக் கொஞ்சம் ஏத்துங்க தம்பி

எங்கள் பெந்தெகொஸ்தே சபையில் சவுண்டு மிக்சர் பக்கம் உட்காருகிறவன் நான். காரைக்குடியில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து நடக்கிற சபை. ஒன்பது வருஷமாக ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய் ஒயர் இழுத்து, ஸ்பீக்கர் தூக்கி, மைக் டெஸ்ட் பண்ணி வைக்கிறேன். சம்பளம் கிடையாது, ஊழியம். அதனால் "வெளியே நின்று கல்லெறிகிறான்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். உள்ளேதான் இருக்கிறேன், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.

அங்கே உட்கார்ந்தால் அற்புதம் வரப்போவது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். மூன்றாவது பாட்டு மெதுவாக இறங்கும். கீபோர்டு தம்பி ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பாஸ்டர் கண்ணை மூடியபடியே இடது கை விரலைச் சற்று மேலே தூக்குவார். அது எனக்கு. குரலை எதிரொலிக்க வைக்கிற எக்கோவை ஏற்று என்று அர்த்தம். ஏற்றியதும், "இங்கே ஒரு சகோதரி... முழங்கால் வலியோடு வந்திருக்கிறீர்கள்..." என்று வரும். நானூறு பேர் இருக்கிற ஹால். முக்கால்வாசி நாற்பதைத் தாண்டியவர்கள். முழங்கால் வலியே இல்லாத சகோதரி ஒருத்தியைக் கண்டுபிடித்திருந்தால் அதுதான் அற்புதம்.

போன வருஷக் கன்வென்ஷனில் வெளியூர் ஊழியர் ஒருவர் வந்து குட்டைக் காலை நீளமாக்கினார். கூட்டத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, பையனின் இரண்டு குதிகாலையும் கையில் ஏந்திக்கொண்டு ஜெபம் பண்ணினார். நான் பக்கவாட்டில் இருந்தேன். ஒரு ஷூவைக் குதிகாலிலிருந்து விரற்கடை அளவு இழுத்துவிட்டால் அந்தக் கால் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் தெரியும். ஜெபத்தின் நடுவே அதை மெல்ல உள்ளே தள்ளினால் இரண்டும் சமம். கால் அப்படியேதான் இருந்தது, ஷூதான் நகர்ந்தது. ஹால் முழுக்க அல்லேலூயா. நான் எக்கோவைக் குறைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இதுவரை இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்துக்கொண்டு.

அப்புறம் என் சித்தி.

கோட்டையூர் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள் சித்தி. வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் அந்த முகப்பும், வானம் பார்த்த முற்றமான வளவும், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சித்தியின் விளக்குமாற்றுக்குச் சொந்தம். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

ஏப்ரலில் மூன்று நாள் உபவாச ஜெபம். தண்ணீர் மட்டும். நாலாம் நாள் காலை அவள் விரலில் குத்திப் பார்த்தால் 112. எப்போதும் 200-க்குக் கீழே இறங்காத சர்க்கரை. மூன்று நாள் வாயில் ஒரு பருக்கை போடாமல் இருந்தால், ஈரல் கையிருப்பையும் கொடுத்துத் தீர்த்திருக்கும், சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? சாப்பிட ஆரம்பித்ததும் திரும்ப ஏறும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்த ஞாயிறே சித்தியை மேடையில் ஏற்றினார்கள். கையில் மைக். "கர்த்தர் என் சர்க்கரையை எடுத்துப்போட்டார், இனிமே எனக்கு மாத்திரை இல்ல" என்று அழுதுகொண்டே சொன்னாள். பாஸ்டரின் விரல் மேலே எழுந்தது. எக்கோவை ஏற்றியது யார்? நான்தான். அந்தக் கோபமும் இந்தப் பதிவில் இருக்கிறது.

மே மாதம், நடுப்பகல். வளவில் காயப்போட்ட மோர்மிளகாயைத் திருப்பிவிட வெறுங்காலோடு இறங்கியிருக்கிறாள். அந்த வெயிலில் வளவுக் கல் எப்படிக் கொதிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகள் கால் மாற்றி மாற்றித் தாவி ஓடும். சித்தி நிதானமாக நின்று முழுச் சாக்கையும் திருப்பிவிட்டு ஏறினாள். சாயங்காலம் மஞ்சள் பூப்போட்ட தரையில் ஈரமாக ஒரு தடம். தண்ணீர் சிந்தியிருக்கிறது என்று துடைத்திருக்கிறாள். கொப்புளம் உடைந்த நீர் அது.

"சூடே தெரியலப்பா" என்றாள் என்னிடம். ஜெபக் குழுச் சகோதரிகளிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அக்கினிச் சூளையில் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோவைக் காத்த தேவன் உங்கள் பாதத்தையும் காத்தார் என்று! காலில் நரம்பு செத்துக் கிடக்கிறது, வருஷக்கணக்கான சர்க்கரை தின்று தீர்த்த நரம்பு. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். எட்டு நாள் ஜெப எண்ணெய் தடவினார்கள். நான் கடைசியில் சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்று சர்க்கரை 412. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 10.8. அற்புதம் நடந்த அந்த மூன்று நாளும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. வலது கால் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

பாஸ்டரிடம் போனேன். மரியாதையாகத்தான் கேட்டேன். "ஐயா, சாட்சி சொல்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட் பாத்துக்கலாமே?" அவர் சிரித்தார். "தம்பி, கர்த்தரைப் பரீட்சை பாராதேன்னு வசனம் இருக்கு."

இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தை இயேசு எங்கே சொன்னார்? தேவாலயத்து உச்சியில் நிறுத்தி, "தாழக் குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்று பிசாசு சொன்னபோது, குதிக்க மாட்டேன் என்பதற்காகச் சொன்னார். மாத்திரையை விட்டுவிட்டு நின்றாளே சித்தி, அதுதான் குதிப்பது. ரிப்போர்ட் கேட்கிற நான் படியில் இறங்கி வரச் சொல்கிறேன். லூக்கா 17-ல் பத்துக் குஷ்டரோகிகள் வருகிறார்கள். இயேசு அவர்களுக்கு மைக் கொடுக்கவில்லை. போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள் என்றார். தோல் சுத்தமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிற வேலை அந்தக் காலத்தில் ஆசாரியனுடையது. அன்றைக்கே அதுதான் லேப்.

என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "நீ சந்தேகத் தோமாடா" என்றாள். சரி, தோமாதான். தோமாவை யாரும் கூட்டத்தை விட்டுத் தள்ளவில்லையே. இயேசு தன் காயத்தைக் காட்டி, கையை நீட்டிப் பார் என்றுதானே சொன்னார்.

சபை மூப்பர் ஒருவர், ரிட்டயர்டு ஆள், நல்ல மனுஷர், என்னைத் தனியே கூப்பிட்டு, "ஜெபம் பலிக்குதுன்னு அமெரிக்காவுல விஞ்ஞானமே ஒத்துக்கிச்சு தம்பி" என்றார். நல்லது, அதையும் பார்ப்போம். 2006-ல் வெளிவந்த ஆய்வு அது. ஆறு ஆஸ்பத்திரி, பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1802 பேர். தனக்காக ஜெபம் நடக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருந்தவர்களில், ஜெபம் பெற்ற பிரிவில் சிக்கல் வந்தது 52 சதவீதம், பெறாத பிரிவில் 51. உனக்காக ஜெபிக்கிறோம் என்று தெரிவிக்கப்பட்டவர்களுக்குத்தான் அதிகம், 59. மூப்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது அந்தக் கூட்டத்தோட விசுவாசம் அப்படி" என்றார். இதற்கு மேல் நான் என்ன பேச?

பெந்தெகொஸ்தேக்காரன் கத்தோலிக்கரைப் புகழ்வதா என்று எங்கள் ஆட்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. பிரான்சில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. 1858-லிருந்து கூட்டம் போகிறது. குணமானேன் என்று வருகிறவரை உட்காரவைத்து, என்ன நோய், யார் கண்டுபிடித்தது, என்ன மருந்து சாப்பிட்டாய், தானாகப் போகக்கூடிய நோயா, திரும்ப வந்ததா என்று வருஷக்கணக்கில் துருவ அங்கே ஒரு மருத்துவ அலுவலகமே இருக்கிறது. இதுவரை ஏழாயிரத்துக்கு மேல் பேர் சொன்னதில் கத்தோலிக்கத் திருச்சபை அற்புதம் என்று ஒப்புக்கொண்டது எழுபதைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்த எழுபதையும் நான் நம்புகிறேனா என்பது வேறு கதை. கேட்கவாவது கேட்கிறார்களே! எங்கள் மண்டபத்தில் மூன்று நாள் கன்வென்ஷனில் எழுபது வந்துவிடும், இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே.

அற்புதக் கதை இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. தேவகோட்டையிலிருந்து கிழக்கே போனால் ஓரியூர். மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் நோய் நீங்கி ஞானஸ்நானம் வாங்கிய விவகாரத்தில்தான் 1693-ல் போர்ச்சுகல் பாதிரியார் அருளானந்தரை அங்கே வெட்டினார்கள். அம்மா வழி ஆட்கள் இன்றைக்கும் போய் அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து வந்து பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். அந்த மண்ணைக் கொடுத்து, மாத்திரையை நிறுத்து என்று என் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல் எங்கே என்றால், குணமானால் மைக் உண்டு, திரும்ப வந்தால் மைக் கிடையாது. ஒன்பது வருஷத்தில், "போன மாசம் போச்சுன்னு சொன்னேன், மறுபடி வந்திருச்சு" என்று ஒரு ஆள் அந்த மேடையில் பேசி நான் கேட்டதில்லை. வராமலா இருந்திருக்கும்? எனக்குத் தெரிந்தே நாலு பேர். வலிப்பு, ஆஸ்துமா, இரண்டு பேருக்கு சர்க்கரை. அவர்கள் பின்வரிசைக்குப் போய்விடுவார்கள், அப்புறம் வருவதையே நிறுத்திவிடுவார்கள். "விசுவாசக் குறைவு" என்று ஒரு வார்த்தை அவர்கள் முதுகில் ஒட்டியிருக்கும். நோயும் போகவில்லை, கூடவே குற்றவாளிப் பட்டமும். வருகிறவர் கணக்கை மட்டும் எழுதி, போகிறவர் கணக்கை எழுதாத ஏட்டை இந்த ஊரில் எந்தக் கடைப் பெட்டியடியிலாவது ஏற்றுக்கொள்வார்களா?

நான் கேட்ட பிறகு என்ன ஆயிற்று? எனக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். பெயர் சொல்லாமல், "ஒலிபெருக்கிப் பக்கம் ஒரு அவிசுவாசத்தின் ஆவி" என்று. அந்த ஜெபத்துக்கும் நான்தான் மைக் செட் பண்ணினேன்.

சித்தி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். நான்தான் வாங்கிக் கொடுக்கிறேன். அட்டையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், ஜெபக் குழுச் சகோதரிகள் திடீரென்று வந்துவிட்டால் கண்ணில் படக் கூடாதாம். திருடித் தின்பது மாதிரி சமையற்கட்டு மூலையில் திரும்பி நின்று விழுங்குகிறாள். அவளுடைய சாட்சி வீடியோ இன்னமும் சபை சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் ஏற்றிய எக்கோவோடு. போன வாரம் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"தம்பி, அந்த வீடியோவ எடுக்கச் சொல்றியா? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத, ராசா."