வெயிலில் வைத்தால் மரக் கிண்ணம் காயாது, பிளக்கும்

"பச்சை வேப்பமரத்தை லேத்தில் (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) கிண்ணமாகக் கடைந்து மொட்டை மாடியில் 2 நாள் வெயில் காட்டினால் போதும்" என்பது தவறு. மேல்பரப்பு காய்ந்து சுருங்கும்போது உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். வெட்டுமுனைப் பக்கம், அதாவது மர இழைகள் குறுக்கே வெட்டுப்பட்ட பக்கம், விரிசல் விழும்.

10 அங்குலக் கிண்ணத்துக்கு முதல் கடைசலில் சுவரை 1 அங்குலக் கனம் விடுங்கள். ஆண்டு வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய 2 மடங்கு. வட்டம் கோணும், கனம் இருந்தால்தான் மறுபடி லேத்தில் ஏற்றி வட்டமாக்கலாம்.

வெட்டுமுனையில் மெழுகு பூசி, கடையும்போது உதிர்ந்த மரச் சுருளோடு காகிதப் பையில் நிழலில் வையுங்கள். சென்னையின் ராயபுரம், காசிமேடு கடற்காற்றில் சுருள் ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும், மாற்றிவிடுங்கள். வாராவாரம் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே இரண்டாம் கடைசல். மாதக்கணக்கில் ஆகும், அவசரக்காரர்களுக்கு இது சரிவராது.