எக்ஸெல் புலிகள் ஏன் வைஸ் பிரசிடென்ட்டோடு நின்றுவிடுகிறார்கள்?

இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில், அதாவது நிறுவனங்களை வாங்கவும் விற்கவும் உதவும் தொழிலில், நுழையத் துடிக்கிற பிள்ளைகளிடம் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: மாடலிங் (ஒரு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்குப் போடுவது) படி, எக்ஸெல் படி. முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அது சரி. அதன் பிறகு ஒவ்வொரு பதவி உயர்வும் ஏறக்குறைய வேறொரு வேலைக்குப் போவது போலத்தான். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் படியான அனலிஸ்ட்டின் தலையாய வேலை, எண்ணில் பிழை வராமல் காப்பது. பெரிய ஃபார்முலாவில் யாரும் விழுவதில்லை, சாதாரணக் கழித்தலில்தான் சறுக்குகிறார்கள். ஒரு நிறுவனத்தின் எபிட்டா 12 கோடி, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம். அதே மாதிரி நிறுவனங்களோடு ஒப்பிட்டு 8 மடங்கு வைத்தால் நிறுவன மதிப்பு 96 கோடி. நிகரக் கடன் (கையிருப்புப் பணம் போக மீதிக் கடன்) 25 கோடி போனால் உரிமையாளருக்கு 71 கோடி என்று எழுதிவிடுவார்கள். 2019-இல் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற சர்வதேசக் குத்தகைக் கணக்கு விதி நடைமுறைக்கு வந்தபின், வாடகை பெரும்பாலும் தேய்மானமாகவும் வட்டியாகவும் மாறி எபிட்டாவுக்குக் கீழே போய்விட்டது. எபிட்டா அதனால் உப்பித் தெரிகிறது. அப்படியானால் குத்தகைக் கடன் 10 கோடியையும் கழிக்க வேண்டும், கையில் வருவது 61 கோடிதான். ஒப்பிட எடுத்த நிறுவனம் அமெரிக்கக் கணக்குமுறையில் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே சாதாரணக் குத்தகை வாடகை எபிட்டாவுக்கு முன்பே கழிந்திருக்கும், அந்த 8 மடங்கை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது.

அடுத்த படியான அசோசியேட் இதையெல்லாம் சரிபார்ப்பவர். அதற்கு மேலே வைஸ் பிரசிடென்ட், டீலை நடத்துபவர்: வாங்குவோர் பட்டியல், ரகசியம் காக்கும் ஒப்பந்தம், டேட்டா ரூம் (வாங்குவோர் பார்க்க நிறுவன ஆவணங்களை வைக்கும் இடம்), வக்கீல்கள், கெடு தேதிகள்.

உச்சியில் இருக்கும் மேனேஜிங் டைரக்டருக்கு மாடல் போடும் வேலையே கிடையாது. மேண்டேட், அதாவது டீலை நடத்தித் தரச் சொல்லி வாடிக்கையாளர் கொடுக்கும் வேலை, கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். கட்டணத்தின் பெரும்பகுதி டீல் முடிந்தால்தான் வரும். பழைய லேமன் சூத்திரப்படி முதல் 10 லட்சம் டாலருக்கு 5%, அடுத்த 10 லட்சத்துக்கு 4%, பிறகு 3, 2, மீதிக்கு 1%. ஒரு கோடி டாலர் விற்பனைக்கு 2 லட்சம் டாலர். ஒப்பந்தக் கடிதத்தில் ‘டெயில்’ பிரிவு (ஒப்பந்தம் முடிந்தபிறகும் சில காலம் கட்டணத்துக்கு உரிமை தருவது) இல்லையென்றால், நீங்கள் அறிமுகப்படுத்திய அதே ஆளுக்கு, உங்கள் ஒப்பந்தம் முடிந்த மறுமாதமே வாடிக்கையாளர் நிறுவனத்தை விற்றுவிட்டு உங்களுக்கு ஒரு பைசா தராமல் போகலாம். 12 முதல் 24 மாதம் வரை டெயில் கேட்டு வாங்குங்கள்.

மாடலில் கெட்டிக்காரரை மேலதிகாரிகள் மாடலிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். அவர் இல்லாமல் அவர்களுக்கு ஓடாது. பத்து வருடம் கழித்து, வேலை கொடுக்கிற ஒரு வாடிக்கையாளரின் நம்பர்கூட அவர் போனில் இருக்காது. அசோசியேட்டாக இருக்கும்போதே தொடங்குங்கள். வாங்கும் ஏலத்தில் தோற்ற நிறுவனத்தின் நிதி அதிகாரியை, டீல் முடிந்த வாரத்திலேயே கூப்பிடுங்கள். ரகசியம் மீறாமல், எங்கே பின்தங்கினார்கள் என்று சொல்லுங்கள். பலரும் ஜெயித்தவரைத்தான் கொண்டாடுகிறார்கள். வாங்கத் தயாராகப் பணத்தோடு இன்னும் காத்திருப்பவர் தோற்றவர்தான்.