சிமிசாங்காவுக்கு ஒரே கலோரி எண் கிடையாது

ஞாயிற்றுக்கிழமை அம்மா சிமிசாங்கா சாப்பிடுகிற படம் ஒன்றைப் போட்டேன். மெல்லிய ரொட்டிக்குள் கறி வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கிற பண்டம் அது. படத்தின் கீழே பின்னூட்டங்களில் நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள், மறுபடி விவரிக்கப் போவதில்லை. ஏதோ ஒரு கலோரி கணக்குச் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டோடு "1600 கலோரி, இந்த வயதில் அம்மாவுக்கு விஷம் கொடுக்கிறீர்கள்" என்று எழுதியவருக்கும், அதற்கு ஓடிவந்து இதயக்குறி போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

சிமிசாங்காவுக்கு ஒரே கலோரி எண் என்று ஒன்று கிடையாது. உள்ளே என்ன வைத்தார்கள், எவ்வளவு வைத்தார்கள், மேலே எதை ஊற்றினார்கள் என்று தெரியாமல் யார் எண் சொன்னாலும் அது ஊகம். நாங்கள் சாப்பிட்டது அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் நகரத்தில், ஒரு குடும்பம் நடத்தும் சின்னக் கடையில். அவர்களுக்கு வேறு கிளை இல்லை. அமெரிக்காவில் 20 கிளைகளோ அதற்கு மேலோ உள்ள உணவகங்கள்தான் மெனுவில் கலோரி போட வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து அதுதான் விதி. இந்தக் கடைக்கு அது பொருந்தாது, அவர்கள் கணக்கு எதுவும் வெளியிடவும் இல்லை. அப்படியானால் உங்கள் 1600 எங்கிருந்து வந்தது? வேறெங்கோ யாரோ சாப்பிட்ட தட்டின் எண்ணைக் கொண்டுவந்து என் அம்மா தட்டில் ஒட்டியிருக்கிறீர்கள்.

சரி, கணக்கே போடுவோம். பத்து அங்குல மைதா டோர்ட்டியா (கறியைச் சுருட்டுகிற அந்த மெல்லிய ரொட்டி) ஒன்று, சுமார் 210 கலோரி. வேகவைத்து உதிர்த்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம், 165. பொரித்ததில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போனதாக வைத்துக்கொண்டால் 120. மொத்தம் 500-ஐ ஒட்டி வருகிறது. எண்ணெயை இரண்டு கரண்டியாக்கினாலும் 620-ஐத் தாண்டாது. 1600 வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குல டோர்ட்டியா எடுத்து, உள்ளே சோறும் பீன்ஸும் திணித்து, மேலே சீஸ் உருக்கி, சவர் கிரீம் (புளித்த பாலேடு), குவாக்கமோலே (அவகாடோ மசியல்) எல்லாம் வைத்து, பக்கத்தில் இன்னொரு குவியல் சோறும் வைக்க வேண்டும். அப்படியும் பரிமாறுகிறார்கள், பெரிய உணவகங்களில் நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அம்மா தட்டில் அது எதுவும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். பாதி சிமிசாங்கா, நறுக்கிய முட்டைக்கோஸ், சல்சா என்கிற தக்காளிச் சட்னி. அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவர் பெற்றோர் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். சிமிசாங்காவை ஒழுங்காகச் செய்ய எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். வேகவைத்த கோழியைக் கையால் உதிர்த்து, வெங்காயம், தக்காளி, வாட்டித் தோலுரித்த பச்சை மிளகாய், சீரகம் போட்டு, ஈரம் சுண்டும்வரை வதக்கச் சொல்வார். கொஞ்சம் ஈரம் தங்கினாலும் எண்ணெய்க்குள் வெடித்துவிடும். டோர்ட்டியாவைச் சூடுகாட்டி, இரண்டு பக்கமும் உள்ளே மடித்து, இறுக்கி உருட்டி, மடிப்பு அடியில் இருக்கும்படி எண்ணெயில் இறக்க வேண்டும். பொன்னிறம் வந்ததும் எடுத்துத் தட்டில் கிடத்தினால் அவருக்குக் கோபம் வரும். கம்பி வலையில் செங்குத்தாக நிறுத்தி வைக்கச் சொல்வார். அதில் விஷயம் இருக்கிறது. பொரிகிறபோது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. எடுத்து ஆறுகிறபோதுதான் மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு நிமிடத்தில் வடியவிடுகிறார்களா என்பதைப் பொறுத்தும் கலோரி மாறும். செயலிக்கு இதெல்லாம் தெரியுமா?

உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உப்பு. உப்பில் இருக்கிற சோடியம் ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். கடையில் வாங்கும் பெரிய மைதா டோர்ட்டியா பலவற்றில் ஒன்றிலேயே 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சீஸ், சல்சா, பீன்ஸ் எல்லாம் சேர்ந்தால் நாளின் கணக்கில் பாதிக்கு மேல் ஒரே தட்டில் போய்விடும். எனக்கு இரத்த அழுத்தம் உண்டு, நான் பார்க்கிற எண் அதுதான். அக்கறையோடு வந்தவர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

"பொரித்த பண்டத்துக்கு வக்காலத்தா?" என்று இந்நேரம் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். தினமும் சாப்பிடுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? போன மாதம் ஒரு வீட்டு விசேஷத்தில் பூரி மசாலா போட்டார்கள். அதுவும் கோதுமை மாவு, அதுவும் கொதிக்கிற எண்ணெய். நாலு, அஞ்சு என்று வாங்கிச் சாப்பிட்டவர்களில் இதே நண்பர்களும் இருந்தார்கள். அங்கே யாரும் செயலியைத் திறக்கவில்லை, யார் அம்மாவையும் குறிப்பிட்டு விஷம் என்று சொல்லவில்லை. பூரியில் இருப்பது உருளைக்கிழங்கு. இதில் இருப்பது கோழி, 100 கிராமுக்கு 31 கிராம் புரதம். வயதாக ஆகத் தசை குறைகிறது, புரதம் போதவில்லை என்று அம்மாவின் மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பேர் புரியாத பண்டம் என்றால் மட்டும் விஷமா?

"நம் ஆட்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம்." உண்மைதான், மறுக்கவே மாட்டேன். உடல் நிறைக் குறியெண் (BMI, உயரத்தோடு ஒப்பிட்ட எடை) 23-ஐத் தொட்டாலே ஆசிய வம்சாவளியினருக்குப் பரிசோதனை செய்யலாம் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம், மற்றவர்களுக்கு அது 25. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் சோறு வேண்டாம், பீன்ஸ் வேண்டாம், பாதி போதும் என்று அவளே சொன்னாள். இத்தனை வருடம் தன் சர்க்கரையைத் தானே கட்டுக்குள் வைத்திருக்கிறவளுக்கு ஒரு படத்தைப் பார்த்து வைத்தியம் சொல்ல உங்களுக்கு என்ன தெரியும்?

"அக்கறையில் சொன்னோம்." அக்கறை என்றால் எனக்குத் தனியாக எழுதியிருப்பீர்கள்.

அம்மா அந்தப் பின்னூட்டங்களைப் படித்தாள், அவளே போனில் படித்தாள். அப்பா போன பிறகு அவள் வெளியே போய் ஆசையாகச் சாப்பிட்டது அபூர்வம். அன்றைக்குத்தான் முதல் கடியில் மொறுமொறுவென்று உடைந்ததும் சிரித்தாள், அதைத்தான் படம் எடுத்தேன். இப்போது நான் தோசை வைத்தாலும் "இதில் எவ்வளவு கலோரிடா?" என்று கேட்கிறாள். நேற்று இரவு பசியில்லை என்று மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாள். சர்க்கரை மாத்திரை போடுகிறவள் சாப்பிடாமல் படுத்தால் என்ன ஆகும் என்று உங்கள் செயலியில் இருக்கிறதா? ராத்திரி முழுக்க நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

அந்தப் படம் இப்போது சில வாட்ஸ்அப் குழுக்களில் அம்மாவின் முகத்தோடு, "வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றோரைக் கவனிக்கும் லட்சணம்" என்ற தலைப்போடு சுற்றுகிறது. அவளுடைய தம்பி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, மாமா போன் செய்து என்னடா இது என்று கேட்டார். யார் முதலில் அனுப்பியது என்று எனக்குத் தெரியும், இங்கே பேர் போடப் போவதில்லை. சிமிசாங்காவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் என்னோடு சண்டை போடுங்கள், கடையில் இருந்தே ஒன்றை வாங்கிவந்து தராசில் வைத்து எண் சொல்கிறேன். ஆனால் அம்மாவின் படத்தை இன்றைக்கே எல்லாக் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.